தேக்குக்கு நாடி பார்த்த சாமி

பூதலூரில் மூன்று மாதமாக மரத்துக்கும் நாடி பார்க்கிறார்கள். சிரிக்காதீர்கள். வலங்கைமானிலிருந்துகூட சிங்காரவேலுவின் மரக்கடைக்குக் கார் வருகிறது. வீடு கட்டுகிறவர்கள் பலகையில் கை வைக்கும் முன் தங்கையன் சாமி ஸ்டெதாஸ்கோப் வைப்பார்.

"வெட்டும்போது அழுத மரம். வீட்டுக்கு ஆகாது" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அழுததெல்லாம் நன்கு காய்ந்த தேக்கு. அது தஞ்சாவூர்ப் பட்டறைகளுக்குப் போகும். அவர்களிடம் பச்சை மரத்தைத் தள்ள முடியாது. சிரித்ததெல்லாம் ஈரம் சொட்டும் பச்சை மரம். அது பக்தர்களுக்கு!

கலைமகள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை நிலை வைக்க நாள் குறித்தாயிற்று. தச்சர் அடைக்கலராஜ் தந்த அளவுப்படி காய்ந்த தேக்காகப் பொறுக்கியிருந்தாள். சாமி காது கொடுத்தார்.

"ஒரு பொண்ணு அழுவுறா. இதுல நிலை வெச்சா வெளிநாட்டுல இருக்கிற வீட்டுக்காரருக்கு ஆபத்து."

கலைமகள் பலகையிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்தாள். குவைத்தில் இருக்கும் புருஷனைச் சொன்னால் பயம் வராதா?

"ஏம்மா, அவர் காட்டுற பச்சை மரம் மழைக்கு முறுக்கிக்கும். கதவு சாத்தாது" என்றார் அடைக்கலராஜ்.

பயத்தோடுதான் திரும்பிப் பார்த்தாள். அழுத பலகை ஒவ்வொன்றின் முனையிலும் சின்னதாக ஒரு சாக்பீஸ் புள்ளி. சிரித்தவற்றில் இல்லை.

சாமி டீக்குப் போனார். கூட்டமும் பின்னாலேயே போனது. சிங்காரவேலு உள்ளே போனில் இருந்தார். கலைமகள் தன் தேக்கிலிருந்த புள்ளிகளை முந்தானையால் துடைத்தாள். இரண்டு கல்லின் மேல் பலகை போட்டுத்தான் சாமி உட்காருவது. அடைக்கலராஜ் அந்தப் பலகையைத் திருப்பி வரிசையில் சேர்த்து, எல்லாவற்றையும் கலைத்து அடுக்கினார். அதன் முனையில் அவள் தச்சரின் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள்.

"மனசு கேக்கல சாமி. இன்னொரு தடவை பாத்துடுங்க" என்றாள், சாமி டீ குடித்துத் திரும்பியதும்.

சாமி பார்த்தார். அவளுடைய தேக்கு வந்தது. "ஆகா, மகாலட்சுமி சிரிக்கிறா!" புள்ளி வைத்த பலகையில் ஸ்டெதாஸ்கோப் வைத்ததும் துள்ளிக் குதித்தார். "ஐயோ, ஏழு பேய்! இதைத் தொட்டாலே ஆயுசு போயிடும்!"

"அப்ப மூணு மாசமா இது மேலயே உக்காந்திருக்கீங்களே சாமி, இன்னும் எப்படி உசுரோட இருக்கீங்க?" என்றாள் கலைமகள்.

சாமி உட்காரும் இடத்தைப் பார்த்தார். கல் மட்டும் இருந்தது. கலைமகள் புள்ளி விவகாரத்தைப் போட்டு உடைத்தாள்.

"சாமிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல" என்று சிங்காரவேலு ஓடி வந்தார்.

கூட்டத்தில் ஒருவர் சட்டைக் கையை மடித்தார். "யோவ், என் வீட்டுக் கதவு சாத்தலன்னு வந்தப்ப, பேய் புடிச்சிருக்குன்னு பரிகாரம் பண்ண வெச்சியே!"

சாமி எடுத்த ஓட்டம் ரயில்வே ஸ்டேஷனில்தான் நின்றதாம். காய்ந்த தேக்கு வண்டியேறியது. வெள்ளிக்கிழமை கலைமகள் வீட்டில் நிலை நின்றது.

கதவு சாத்தவில்லையென்றால் தச்சர் வந்து இழைத்துக் கொடுப்பார். மூளையை நீங்களே சாத்திக்கொண்டால் எந்தத் தச்சர் வந்து திறப்பார்? கொஞ்சம் யோசியுங்கள், ஐயா!