மலையேறத் தெரிந்த மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லும் பொய், கல்யாணத்துக்குப் பிறகுதான் வேலையைக் காட்டும். நான் சொன்னது ரொம்பச் சின்னப் பொய். கரங்கானில் மாலாவின் வீட்டில் ரோசா சிரப் குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா, "லீவு நாள்ல என்ன செய்வீங்க தம்பி?" என்று கேட்டார். செல்பேசியை நோண்டியபடி மல்லாந்து கிடப்பேன் என்று சொல்லவா முடியும்?

"காடு மலை ஏறுவேன் மாமா."

(அதுவரை நான் ஏறியதிலேயே உயரமானது, சுங்கைப்பட்டாணியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மூன்றாவது மாடி. அங்கேயும் லிஃப்ட் உண்டு.)

தட்டோடு நின்ற மாலா, "எனக்கும் ரொம்பப் பிடிக்கும்" என்றாள். தீர்ந்தது கதை.

கல்யாணம் முடிந்ததும் தேனிலவுக்கு நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. "நல்ல மலையா நீங்களே பாருங்க, உங்களுக்குத்தான் தெரியுமே" என்று மாலா சொல்லிவிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலைக் கழிப்பறையில் உட்கார்ந்து மலைகளைப் படித்தேன். அரை மணி நேரத்தில் அருவிக்குப் போகும் பாதை ஒன்று இருந்தது. சின்னப் பிள்ளைகள்கூடப் போகலாமாம். அதற்குக் கூட்டிப்போனால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? இன்னொன்றில் கயிறு பிடித்துப் பாறை ஏற வேண்டும். முதல் மாதத்திலேயே விதவையாக்க அவளுக்குத் தாலி கட்டவில்லை. காலையில் ஒன்றை முடிவு செய்வேன், சாப்பாட்டு நேரத்தில் மாற்றுவேன்.

கடைசியில் ஜெராய் மலை. மேலே உள்ள விடுதியில் அறை எடுத்தேன். விடுதி வாசல்வரை தார்ச்சாலை உண்டு, வேனும் போகும். அதை மட்டும் மாலாவிடம் சொல்லவில்லை. அருவிப் பக்கமாக ஏறும் காட்டுப் பாதையைக் காட்டி, "நாலு மணி நேரந்தான், ஈசி லா" என்றேன்.

முதல் அரை மணி நேரம் நான்தான் முன்னால் நடந்தேன். பிறகு மழை பிடித்தது. புதுக் காலணி குதிகாலைத் தின்றது. முதுகுப் பையில் இரண்டு பேர் துணிமணி, அம்மா திணித்த முறுக்கு டின், படம் எடுக்க மாலாவின் பட்டுப்புடவை. ஒரு வளைவில் காலில் ஏதோ நெளிய, குனிந்து பார்த்தேன். மூன்று அட்டைகள். நான் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த குரங்குகள் இடம் மாறின.

"ஆடாம நில்லுங்க" என்று மாலா நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தெறிந்தாள். "எங்க தோட்டத்துல பாக்காத அட்டையா? நீங்க போன மலையில எல்லாம் இது இல்லையா?"

"அது... வேற மாதிரி மலை."

அடுத்து, பாதை பிரிந்த இடத்தில் நான் உறுதியாக இடப்பக்கம் கைகாட்டினேன். ஒரு மணி நேரம் நடந்து, விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் முன் நின்றோம். திரும்பி வரும்போது பை மாலாவின் முதுகில் இருந்தது. என் கையில் ஒரு குச்சி. அவள் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். முதல் மாதத்திலேயே கல்யாணம் போச்சே என்று பயந்துகொண்டே நொண்டினேன்.

கிளம்பி ஆறு மணி நேரம் கழித்து, புதரை விலக்கிக்கொண்டு தார்ச்சாலையில் வந்து விழுந்தோம். விடுதி வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே வயதானவர்கள் கறிபாப் தின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் அண்ணன் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, காடி ரோசாக்கா? வண்டி கெட்டுப்போயி வழியில நின்னுருச்சா?"

மாலாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ஏறி உட்கார்ந்ததும் தரையைப் பார்த்தபடி உண்மையைக் கக்கினேன். "ரோடு இருக்குன்னு எனக்குத் தெரியும், மாலா."

"எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துல இருந்து வேன்லதான் கூட்டிட்டு வந்தாங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்களுக்குத்தான் மலை ஏறுறதுன்னா உயிராச்சே!" என்றாள். "எனக்கு மலையே ஆகாதுங்க. லங்காவிக்குப் போயி கடல்ல காலை நனைச்சுக்கிட்டு சும்மா உக்காரணும்னு ஆசை. நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களேன்னு நானும் சொல்லி வச்சேன்."

"எனக்கும் ஆகாது மாலா. நான் ஒரு மலையும் ஏறினதில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பட்டுப்புடவை இருந்த, சேறு அப்பிய முதுகுப் பையைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முறுக்கு டின்னைத் திறந்து வேன் முழுக்கக் கொடுத்தாள். கொடுக்கும்போதே கதையையும் சொல்லிவிட்டாள். மறுநாளே கீழே இறங்கி (வேனில்தான்) குவாலா கெடாவில் படகேறி லங்காவி போனோம்.

வேனில் முறுக்குத் தின்ற யாரோ ஒரு புண்ணியவான் வழியாக, கதை எங்களுக்கு முன்னால் கரங்கான் போய்ச் சேர்ந்திருந்தது. போன மாதம் பாடாங் மேஹாவில் ஒரு கல்யாணம். மணமேடைக்கு மூன்றே மூன்று படி. வாழ்த்துவதற்காக முதல் படியில் கால் வைத்தேன்.

"மாப்பிள்ளை, அவசரப்படாதீங்க!" என்று மாமனாரின் குரல் பின்னாலிருந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. "வேனுக்குச் சொல்லியிருக்கேன். இப்ப வந்துரும்!"