கொம்பு முளைத்த எழுத்து

கொலைகாரனைப் பிடித்த அரசுகள் உலகில் உண்டு. கொள்ளைக்காரனை நாடு கடத்திய அரசுகளும் உண்டு. ஆனால் ஓர் எழுத்தைக் கையும் களவுமாகப் பிடித்து, அரிச்சுவடியை விட்டே விரட்டிய பெருமை எங்கள் உக்ரைன் மண்ணுக்கே உரியது. ப்ஸெல் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊர் 'எழுத்துச் சீர்மைக் குழு'வின் செயலாளன் என்ற முறையில், அந்த வீரச் செயலில் அடியேனுக்கும் பங்கு உண்டு.

முதலில் குற்றவாளியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். எங்கள் சிரில் எழுத்து வரிசையில் Г என்று ஒன்று இருக்கிறது. பெருமூச்சு விடுவதுபோல 'ஹ' என்று ஒலிக்கும் பரம சாது. அதன் உச்சியில் மேல்நோக்கி ஒரு சின்னக் கொம்பை வைத்தால் இன்னோர் எழுத்து. 'தங்கம்' என்பதில் வரும் 'க'வைப்போல அழுத்தமாக ஒலிக்கும். அதை இங்கே அச்சிட்டுக் காட்ட இயலாது. எனக்குக் குடும்பம் இருக்கிறது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் இலக்கணப் புலவர் வைத்த கொம்பு அது. சென்ற ஆண்டு, அதாவது 1933இல், அதை நீக்கும்படி தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் குழுத் தலைவர் தோழர் ஓனிஸிம் கிரிலொவிச் பெர்வாக், சூரியகாந்தி விதையைக் கொறித்தபடியே கூட்டத்தில் முழங்கினார்.

"பக்கத்துல ரஷ்ய மொழி எவ்ளோ பெருசு! அதுக்கே இல்லாத எழுத்து இதுக்கு மட்டும் எதுக்கு? அப்படி என்ன கொம்பு முளைச்சிருக்கு?"

"நெஜமாவே முளைச்சிருக்கு, தோழர்" என்றேன்.

"அதான் சொல்றேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சு நிக்கிற எடத்துல இது மட்டும் நிமிந்து பாக்குது!"

எழுத்து ஏகமனதாக நீக்கப்பட்டது. எங்கள் மொழியில் காகத்துக்கு 'காவா' என்று பெயர். அன்று முதல் அது 'ஹாவா' ஆயிற்று. காகங்கள் மட்டும் பழையபடியே கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் மீதான நடவடிக்கை பரிசீலனையில் இருக்கிறது.

இந்த நிலையில்தான் தீயணைப்பு நிலைய வாத்தியக் குழுத் தலைவர் பன்கிராத் கலகான் வந்து நின்றார். உங்கள் காதுக்குப் பெயர் எப்படி விழுந்தாலும், அவருக்கும் கலகத்துக்கும் சம்பந்தமில்லை. ஊதுவதைத் தவிர வேறெதற்கும் அவர் வாயைத் திறந்ததில்லை.

"ஒங்க பேருல ரெண்டு எழுத்தை வேலையை விட்டுத் தூக்கியாச்சு. இனிமே நீங்க ஹலஹான்" என்று எங்கள் தலைவர் அறிவித்தார்.

"கூப்பிட்டா இருமுற மாதிரி இருக்குமேங்க!"

"இருமட்டும். என்ன வேணும்?"

"மே தினம் வருதுங்க. நாங்க ஏழு பேரும் ஊர்வலத்துல வாசிக்கணும். அனுமதி குடுத்தா போதும்."

"புது எழுத்துல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். 'நாங்கள் எழுவரும் மே தினத்துக்கு ஹ்ராத்தி விரும்புகிறோம்.' எங்கள் மொழியில் 'ஹ்ராத்தி' என்றால் வாத்தியம் வாசிப்பது. கொம்பு வைத்து 'க்ராத்தி' என்று எழுதினால் சிறைக் கம்பி. ஆம், உங்கள் ஜன்னலில் இருக்கும் அதே கிராதிதான். ஓசைகூட ஏறக்குறைய அதேதான். இப்போது கொம்பு இல்லாததால் இரண்டும் ஒரே சொல்.

மனு பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போயிற்று. மறுநாளே ஓர் அதிகாரி, கலகானையும் கையோடு இழுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"நானும் பதினஞ்சு வருஷமா வேலை பாக்கறேன். கிராதிக்குள்ள போடுங்கன்னு தானா எழுதிக் குடுத்த ஆளை இப்பதான்யா பாக்கறேன். என்ன தப்பு பண்ணீங்க ஏழு பேரும்?"

கலகான் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் காட்டினார். "ஐயோ, அது கிராதி இல்லீங்க! ஹ்ராத்தி! ஊதறது! பூம் பூம்!"

"எழுத்துல பூம் பூம் எங்க இருக்கு?"

"ரெண்டையும் ஒரே மாதிரிதாங்க எழுதணுமாம். கிராதின்னா மேல கொம்பு இருந்திருக்குமே!"

அறையில் விதை கொறிக்கும் சத்தம்கூட நின்றது.

"எந்தக் கொம்பு?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

கலகான் கெஞ்சும் கண்ணோடு எங்கள் தலைவரைப் பார்த்தார். "ஓனிஸிம் கிரிலொவிச், நீங்களாவது சொல்லுங்க. ஒங்க கல்யாணத்துக்கு நான்தானே ஊதினேன்!"

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கொம்பு வச்ச எழுத்துன்னு ஒண்ணு இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லை."

சிக்கல் எவ்வளவு அழகாகத் தீர்ந்தது பாருங்கள். கொம்பு என்று ஒன்று இல்லையென்றால், கலகான் கிராதி கேட்டிருக்கிறார். குடிமகனின் விருப்பத்தை அரசு மறுக்கலாகாது. கொம்பு இருக்கிறது என்று அவர் சாதித்தால், தடைசெய்யப்பட்ட எழுத்தை மனத்தில் பதுக்கி வைத்திருக்கிறார், அதற்கும் கிராதிதான். ஏழு பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். வாத்தியங்களும் சாட்சியப் பொருள்கள் என்பதால் கூடவே போயின.

மே தினம் வந்தது. வாத்தியம் இல்லாத ஊர்வலம் சவ ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. சிறைச்சாலைப் பக்கம் திரும்பியபோது, உள்ளேயிருந்து எக்காளம் முழங்கியது, பின்னாலேயே முரசு. கலகானும் கூட்டாளிகளும் சாட்சியப் பொருள்களைப் பிரித்து எடுத்துவிட்டார்கள் போலும். ஏழு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். ஊர்வலம் அங்கேயே நின்றுவிட்டது. தலைவர் கொடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்; ஒருவரும் நகரவில்லை.

மாலையில் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

"எழுதுங்க" என்றார் தலைவர். "'மே தினத்தன்று எங்கள் ஊரில் எழுவருக்கு ஹ்ராத்தி.' அவ்ளோதான்."

"தோழர், படிக்கிறவங்க அதை வாசிப்புன்னு எடுத்துப்பாங்களா, கிராதின்னு எடுத்துப்பாங்களா?"

"எப்படி எடுத்துக்கிட்டா என்ன? ரெண்டும் நடந்திச்சே!"

பேனாவை மையில் தொட்டு எழுதி முடித்தேன். எங்கள் அலுவலகத்திலிருந்து போன அறிக்கைகளில், எப்படிப் படித்தாலும் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.