நதீனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்

அன்புள்ள லொரெய்ன் அக்காவுக்கு,

நெப்ராஸ்காவின் இந்தப் பனியில் இன்னும் உறைந்து போகாமல் இருக்கும் தம்பி வெர்னன் எழுதுவது. நான் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் புது இடுப்பெலும்பும் நலம்தானே?

விஷயம் இதுதான். என் வீட்டுத் தரகு ஆபீஸில் என் லைசென்ஸின் கீழ் வேலை பார்க்கிற நதீன், சொந்தமாகத் தரகர் லைசென்ஸ் வாங்கப் போகிறாளாம். பரீட்சை பாஸ். போதுமான அனுபவம் உண்டு என்று முதலாளி போடும் கையெழுத்துதான் பாக்கி. முதலாளி நான். போட்டால் எதிரிலேயே கடை விரிப்பாள், என் பிழைப்பில் மண்தான். அப்படி என்ன பெரிய அனுபவம் அவளுக்கு, நீயே சொல்லு.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட ஏற்பாடு. ‘வீடு விற்பனைக்கு’ பலகையை நட்டது நான். கொட்டுகிற பனியில் கதவு நம்பர் தெரியவில்லை, பக்கத்து வீட்டு வாசலில் நட்டுத் தொலைத்தேன். ஜனம் திமுதிமுவென்று உள்ளே போய் அலமாரியைத் திறக்குது, ஷவரைத் திருகிப் பார்க்குது. வீட்டுக்காரர் மில்ட்டன் குளியல் அங்கியோடு நின்று போலீஸுக்குப் போன் போடுகிறார். நதீன் பிஸ்கட் தட்டோடு ஓடிவந்து அவரை உட்கார வைத்து, மன்னிப்புக் கேட்டு, உங்க சமையலறையைத்தான் எல்லாரும் புகழ்றாங்க என்று மெல்ல ஒரு வார்த்தை விட்டாள். சாயங்காலமே மனுஷன் தன் வீட்டையும் விற்றுத் தரச் சொல்லிவிட்டார். இப்போ ரெண்டு வீடும் வித்தாச்சுக்கா. நானே அவளுக்குக் கைதட்டினேன், அது வேற விஷயம்.

எங்கிட்ட என்னத்தைக் கத்துக்கிட்டே என்று நேற்று கேட்டே விட்டேன். சிரிக்காமல் சொன்னாள்:

"வீட்டு வியாபாரத்துல என்னென்ன தப்பு நடக்குமோ அத்தனையும் உங்ககிட்ட பார்த்துட்டேன், வெர்னன். இந்த அனுபவம் வேற எந்த ஆபீஸ்லயும் கிடைக்காது."

கோபம் வரவில்லை அக்கா, பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். முடிவு முடிவுதான்.

அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் கூரையைப் பனியின் பாரத்திலிருந்து காப்பாராக.

தம்பி
வெர்னன்

பி.கு.: கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எதிரே கடை போடவில்லையாம், என் ஆபீஸையே விலைக்குக் கேட்கிறாள். விட்டுக்கொடுக்காமல் என் பக்கம் பேரம் பேச ஒரு கெட்டிக்காரத் தரகர் வேண்டுமே என்று ஊர் முழுக்க யோசித்துப் பார்த்தேன். கடைசியில் நதீனையே அமர்த்திவிட்டேன்.