ஏணி இல்லாத வீடு

"எந்த ஏணி?" என்று கேட்டாள் மனைவி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாயில் வைத்த சாப்பாட்டை மென்று விழுங்க மறந்தார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவள் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் வழக்கம்போல, "சரி சரி, ஏணியை உள்ள எடுத்து வை" என்றார். பேச்சு போதும் என்று அர்த்தம். பதினோரு வருடமாக அந்த வீட்டில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடிந்தது.

"அது பழைய பேச்சு. எங்க அப்பா காலத்துலருந்து சொல்றது."

"நம்ம வீட்ல ஏணியே கிடையாது. அர்த்தம் தெரியாத ஒரு வார்த்தையை வச்சு என் வாயை அடைச்சிருக்கீங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லைன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

அவள் கணக்கு டீச்சர். வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதுகிறவனுக்கு ஒரு மார்க்கூடப் போடமாட்டாள். கடைக்காரர் தட்டைத் தள்ளிவைத்தார். உடனே அண்ணனுக்குப் போன் போட்டார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள் மனைவி.

"அதாடா? அப்பா பரண்ல ஏறி நிக்கும்போது அம்மா தொணதொணன்னு பேசினாங்களாம். அப்பச் சொன்னதுதான். பொம்பளைங்க வாயை மூட அதைவிட நல்ல மருந்து ஏதுடா!"

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

அண்ணனிடம் விஷயத்தைக் கேள்விப்பட்டு, அக்கா தானாகவே போனில் கூப்பிட்டாள். "அவனுக்கு என்னடா தெரியும்? தாத்தா சொன்னது அது. மூத்த மருமக கோவிச்சுக்கிட்டு மாடிக்குப் போயிட்டா. அங்கயே கிடக்கட்டும்னு ஏணியை எடுக்கச் சொன்னாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

தாத்தா போய்ச் சேர்ந்தபோது அக்கா பிறக்கவே இல்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. மனைவி நாற்காலி போட்டுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள்.

கடைசி நம்பிக்கை சித்தி. "நானும் உங்க வீட்ல அத்தனை வருஷம் இருந்தேன். அப்படியொரு பேச்சை நான் கேட்டதே இல்லையேப்பா."

கடைக்காரர் துள்ளிக் குதித்தார். "பாத்தியா! எங்க பரம்பரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!"

"அப்ப எனக்குன்னே தனியா கண்டுபிடிச்சீங்களா?"

பெட்டியைப் பூட்டிவிட்டாள். சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவர் குழாயைச் சரிசெய்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. இனி குழாய் ஒழுகினால் சொல்லக்கூட ஆள் இருக்காது என்று நினைத்தபோது, கையில் ஸ்பானரோடு குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை அழைத்துப்போக மாமியார் வந்து இறங்கினார்.

"என்ன மாப்பிள்ளை, போன்ல இவ அழுதுகிட்டே இருந்தா. அப்படி என்னதான் சொன்னீங்க?"

"தப்புதான் அத்தை. 'ஏணியை உள்ள எடுத்து வை'ன்னு சொல்லிட்டேன். எங்கேருந்து வந்த பேச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இனிமே ஜென்மத்துக்கும் சொல்லமாட்டேன். இவளைக் கூட்டிட்டு மட்டும் போயிடாதீங்க."

மாமியார் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சின்ன வயசுலருந்து நாங்க வாயைத் திறந்தாலே இவ இதைத்தான் சொல்லுவா மாப்பிள்ளை. அது தாங்க முடியாமத்தான் அவசர அவசரமா உங்க தலையில கட்டி வச்சோம்."