கால் மணிக்கு ஒரு முறை திறந்த ஃபிரிட்ஜ்

"9.00 மணி: 4.1 டிகிரி. 9.15: 4.9. 9.30: 5.6."

ஓர் ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை நான் எழுதிய தாள் இப்படித் தொடங்குகிறது. நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான வெரிபீயில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த மருந்துக்கடையின் தடுப்பூசி ஃபிரிட்ஜ் பற்றிய பதிவு அது. படித்தால் ஃபிரிட்ஜுக்குக் காய்ச்சல் ஏறுவது போலிருக்கும். ஏற்றியவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எதற்கும் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். (வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த நாளும் நேரமும் என் நோட்டில் உண்டு. திருமண நாளுக்கு அடுத்த பக்கம்.) வரலாற்றுப் புத்தகங்களை நிறைய வாசித்ததில் ஒரு கொள்கையும் ஒட்டிக்கொண்டிருந்தது: ஒரே சாட்சியை நம்பி எதையும் எழுதக்கூடாது.

தடுப்பூசிகள் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவுக்கு வெளியே ஒரு சின்னத் திரை வெப்பநிலையைக் காட்டும். அதைப் பார்த்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை எழுதினால் போதும். ஆனால் திரை ஒரு சாட்சிதானே? என் கைக்காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்தேன். அதைப் படிக்கக் கதவைத் திறந்தாக வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கடையின் தரத்தைச் சோதிக்க ஹெலன் என்ற அதிகாரி வருவதாக இருந்தது. என் மூன்று மாதத் தற்காலிக வேலையும் அந்த வாரத்தோடு முடியவிருந்தது. சோதனை நல்லபடி முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கடை முதலாளி லதா அக்கா சொல்லியிருந்தார். எனவே அசத்திவிடுவது என்று தீர்மானித்து, கால் மணிக்கு ஒரு முறை பதிவு செய்ய ஆரம்பித்தேன்.

மூன்றாவது முறை திறந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"ஏன் தம்பி, வெளியில காட்டுற நம்பரை நீங்கள் நம்பேல்லையோ?"

"நம்புறேன் அக்கா. ஆனா ரெண்டு ஆதாரம் இருந்தா நல்லதுல்ல?"

"ஆதாரமோ? இதென்ன காணி வழக்கே?"

சிரித்துவிட்டு மருந்து கொடுக்கப் போய்விட்டார். நான் எண் ஏற ஏறக் கவலைப்பட்டு, கவலையில் இன்னும் அதிக நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினொரு மணிக்கு ஹெலன் உள்ளே நுழைந்து வணக்கம் சொல்ல, ஃபிரிட்ஜ் அலாரமாகவே பதில் சொன்னது. 8.7.

பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி. தடுப்பூசிகள் முழுவதற்கும் 'பயன்படுத்த வேண்டாம்' என்று சீட்டு ஒட்டினோம். அக்கா சுகாதாரத் துறைக்குப் போன் போட்டார். பிற்பகலில் சளிக்காய்ச்சல் ஊசிக்குப் பதிந்திருந்தவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்களில் ஓர் அங்கிள் வரும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அதை அவர் மெதுவாக இறக்கிவிட்டதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஃபிரிட்ஜ் பழுதா என்பதுதான் ஹெலனின் முதல் கேள்வி. பழுது என்று சொல்லியிருக்கலாம். மெஷினுக்கு வாயில்லை. எனக்கு வேலை மிஞ்சும். ஆனாலும் என் தாளை நீட்டினேன். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'கதவைத் திறந்தது: நான்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஹெலன் அதை இரண்டு முறை படித்தார். ஒரு தவறை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை என்றார். பாராட்டா என்று தெரியாததால் நன்றி சொல்லி வைத்தேன்.

ஃபிரிட்ஜுக்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே பதியும் கருவி ஒன்று ஏற்கெனவே இருந்ததாம். (மூன்று மாதத்தில் இதை நான் கவனிக்கவில்லை.) அது எப்போது சூடேறியது என்று காட்டியது, என் தாள் ஏன் என்று காட்டியது. இரண்டையும் பார்த்த சுகாதாரத் துறை, ஃபிரிட்ஜில் குறையில்லை, எட்டைத் தாண்டியது சில நிமிடங்களே, ஊசிகளைப் பயன்படுத்தலாம் என்று மாலைக்குள் சொல்லிவிட்டது. குறை ஆளில்தான். மறுநாள் அங்கிள் மறுபடி கையை மடித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, போய் வருகிறேன் என்று சொல்வதா, போகிறேன் என்று சொல்வதா தெரியாமல் பையோடு நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"திங்கள் வாங்கோ தம்பி. ஃபிரிட்ஜுக்குக் கிட்ட மட்டும் போகாதேங்கோ."

இப்போது அந்தக் கடையின் தரப் பதிவேடுகள் எல்லாம் என் பொறுப்பு. என் தெர்மாமீட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாலே என் மகள், "அப்பா, எழுதியாச்சா?" என்பாள். என் மனைவி நேரத்தைச் சொல்வாள்.

சோதனைக்குப் போகும் கடைகளில் எல்லாம் ஹெலன் என் தாளின் நகலைக் காட்டி, பதிவு என்றால் இப்படி உண்மையாக இருக்க வேண்டும், கதவு மட்டும் மூடியிருக்க வேண்டும் என்று சொல்கிறாராம். இதை எனக்குச் சொன்னவர் லதா அக்கா ஒருவர்தான். இரண்டாவது ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே உறுதிசெய்யப்படாத தகவல் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.