நக்கோ கார்டு

மேஜை மேல் அந்தக் கார்டு கிடந்தது. சிவப்பு நிறத்தில் விரித்த உள்ளங்கை.

"இது என்ன ஃபெலிக்ஸ்?" என்றார் பிரின்சிபால் ஷோபா மேடம்.

"வினயோடது மேடம். வேண்டாம்னு சொல்றதுக்கு."

"அது தெரியுது. அசெம்பிளியில நான் பேச ஆரம்பிச்சதும் நேரா வந்து என் கையில கொடுத்தான். ஸ்டாஃப் எல்லாரும் குனிஞ்சு ஷூவைப் பார்த்துக்கிட்டாங்க."

ஃபெலிக்ஸும் ஷூவைத்தான் பார்த்திருந்தார். போலாரத்திலுள்ள அந்தப் பள்ளியில் அவர் பேச்சுப் பயிற்சியாளர். வினய்க்கு எட்டு வயது, பேச்சு வரவில்லை. அவனுக்காகப் படக் கார்டுகளை ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டிவிட்டிருந்தார். அதில் முதலில் கோத்தது இந்தச் சிவப்பு. பேசாத பிள்ளைக்கு முதலில் மறுக்கக் கற்றுக்கொடு என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி. அந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம் என்றால் நக்கோ, ஆமாம் என்றால் ஹவ்; பிள்ளைகள் அதற்கு நக்கோ கார்டு என்று பெயர் வைத்தார்கள். சம்மதம் சொல்லும் பச்சைக் கார்டு, ஹவ் கார்டு.

எட்டு வருஷமாகச் சொல்லாமல் விட்ட வேண்டாம்களையெல்லாம் வினய் ஒரே மாதத்தில் சொல்லித் தீர்க்கப் பார்த்தான். உப்புமாவுக்கு நக்கோ. கணக்குக்கு நக்கோ. பி.டி. மாஸ்டரின் விசிலுக்கும் நக்கோ.

"வெள்ளிக்கிழமை டிரஸ்டிங்க வர்றாங்க. உங்க ரூமைக் கம்ப்யூட்டர் லேப் ஆக்கிடலாம்னு அவங்களுக்கு ஒரு எண்ணம். இவன் அவங்க கையிலயும் இதைக் கொடுத்தா ரூம் போயிடும். அப்புறம் அந்தப் பிள்ளைங்க எங்க போகும்? பார்த்து ஏதாவது பண்ணுங்க."

ஃபெலிக்ஸ் சிவப்பை வளையத்தின் கடைசிக்குத் தள்ளினார். வினய் வளையத்தையே திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

பயிற்சி அறையில் மட்டும்தான் அதைக் காட்ட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். வினய் அதைக் கழற்றி சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வகுப்புப் பிள்ளைகள் கடன் வாங்கத் தொடங்கினார்கள். கணக்கு டீச்சரிடம் ஒரே பீரியடில் பலர் நக்கோ காட்டினார்கள். அவர் நேரே மேடத்திடம் போனார்.

மறுபடியும் மேடத்தின் அறை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அதை எடுத்து வெச்சிடுங்க, ஃபெலிக்ஸ்."

அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "சரி மேடம்" என்று வந்தது. அவருக்கு அந்த மாதிரி ஒரு கார்டை யாரும் கொடுத்ததில்லை.

சிவப்பு அவருடைய மேஜை இழுப்பறைக்குள் போனது. நாலு நாள்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சொல்லப்போனால் பலனும் தெரிந்தது. மதியப் பயிற்சிக்கு வந்ததும் வினய் தானாகவே பிஸ்கட் கார்டை எடுத்து நீட்டினான். யாரும் தூண்டாமல் கேட்கிறானே என்று ஃபெலிக்ஸ் பூரித்து, இன்னும் ஒன்று கேட்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை டிரஸ்டிகளில் மூத்தவர் வினய் முன்னால் குனிந்தார். பள்ளிக்கூடம் பிடிக்குமா என்றார். பச்சை. சாரைப் பிடிக்குமா? பச்சை. பெரியவனானதும் என்னை மாதிரி வருவாயா? அதற்கும் பச்சை. கைதட்டல் எழுந்தது. வினயின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரூம் இருக்கட்டும், இன்னொரு நாற்காலியும் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மணி அடித்ததும் ஃபெலிக்ஸ் சிவப்புக் கார்டோடு பஸ் வரிசைக்கு ஓடினார். மூச்சு வாங்க அதை வளையத்தில் கோத்துவிட்டார். வினய் அதைப் பார்த்தான், தொடவில்லை. பச்சையை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"இல்லடா, இது உன்னோடதுதான். கோபமா?"

பச்சை.

"நான் எடுத்தது தப்புதான். ஸாரி. இப்போ சந்தோஷம்தானே?"

அதற்கும் பச்சை.

அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பிளெசி, தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாள்:

"பெரிய க்ளாஸ் பசங்க டெய்லி இவன் டிபனைத் திறந்து, 'நாங்க சாப்பிடட்டுமா'ன்னு கேட்டுட்டுதான் சாப்பிட்டாங்க சார்; இவனும் ரெட் கார்டைத் தேடித் தேடிப் பார்த்துட்டு, கடைசில பச்சையைக் கொடுத்துட்டான்."