தியகுமாரியா, லேக் ஸ்டாரா, சம்பந்தி?

நாவலப்பிட்டி,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, கணபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ரத்தினம்மாவும் முருகன் தயவில் சுகமாக இருக்கிறோம். பன்வில வீட்டில் நீங்களும் சம்பந்தியம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். என் மேலுள்ள கோபம் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்க வேண்டும்.

போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். நானும் பெண் வீட்டுக்காரன் என்ற முறையில், "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். உங்கள் மகன் நிரஞ்சனும் என் மகள் யசோதினியும் மெல்பர்னிலிருந்து நமக்கு ஒரு அலுமினியப் படகு வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். இங்கே கண்டிப் பக்கத்து விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போட்டுப் புல்லையே பிடித்துக்கொண்டிருந்த நமக்கு அது பெரிய பாக்கியம். ஆனால் படகு ஒன்று, கிழவர்கள் இரண்டு பேர். கடையில் இருக்கும் இரண்டு படகில் நீங்கள் லேக் ஸ்டார் என்கிறீர்கள், நான் தியகுமாரி என்கிறேன். அடுத்த வாரத்துக்குள் ஒரு பெயரைச் சொல்லாவிட்டால், "ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ரப்பர் டியூப் வாங்கித் தர்றோம்பா" என்று மகள் அறிவித்துவிட்டாள்.

பிலிமத்தலாவைக் கடையில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே லேக் ஸ்டாரில் ஏறிக் குடையால் துடுப்புப் போட, நான் மட்டும் விடுவேனா, தியகுமாரியில் ஏறி மல்லாந்து படுத்துக் காட்ட, பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் வந்து வேடிக்கை பார்க்க, கடைக்கார ஷப்ராஸ், "கரை சேர்ந்துட்டீங்கன்னா எறங்குங்க ஐயா, கடை சாத்தணும்" என்று கையெடுத்துக் கும்பிட, அப்பத்தானே நீங்க, "ரயில்வேயில டிக்கட் குடுத்த ஆளுக்குப் படகப் பத்தி என்னா தெரியும்?"னு கேட்டீங்க. தோட்டத்துல கணக்கு எழுதின கிளாக்கருக்கு மட்டும் ரொம்பத் தெரியுமாக்கும்! எனக்கு மனசு விட்டுப்போச்சு சம்பந்தி.

தியகுமாரிக்கு நிறம் நல்லாயிருக்கு, சிங்களத்துல நீர்க்குமரின்னு பேரு மங்களமா இருக்குன்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. லேக் ஸ்டார் ஒடுக்கம், கால் வச்சதும் சாயுது. போன வருஷம் பாரிசவாதம் வந்ததுக்கப்புறம் ஒங்க இடது காலு சொன்ன பேச்சுக் கேக்குறதில்ல. நீங்க யாருகிட்டயும் சொல்றதில்ல, செருப்பு கழண்டா மண்ணு மேல பழியப் போடுறீங்க. தியகுமாரி அடி தட்டை, நல்ல அகலம். எருமை ஏறினாலும் அசையாது, ஒங்களச் சொல்லல. இத மாப்பிள்ளை வீட்டுக்காரர் மொகத்துக்கு நேரா எப்படிங்க சொல்றது? நீங்க தண்ணிக்குள்ள போயிட்டா எனக்கு வேற ஆள் ஏது? மத்தவங்க பக்கத்துல பேசாம உக்காந்திருக்கக்கூட எனக்கு முடியாது.

ஆகவே, தயவுசெய்து தியகுமாரி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். கதிர்காமத்தான் உங்கள் காலுக்கும் நாக்குக்கும் சேர்த்தே துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் அடங்கிய பெண் வீட்டுக்காரன்,
கணபதி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரத்தினம்மா இதை வாங்கி வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். தியகுமாரி கனம் கூடவாம். குடலிறக்க ஆப்பரேஷன் செய்துகொண்ட நான் அதைக் கரையேற்றத் தூக்கினால் தையல் விட்டுவிடுமென்றுதான் நீங்கள் லேக் ஸ்டாரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களாம். சம்பந்தியம்மா போன வாரமே இவளிடம் போனில் சொல்லிவிட்டாராம். பொம்பளைங்க ரெண்டு பேரும் நம்மள வச்சுச் சிரிச்சிருக்காங்க! மேல எழுதினதெல்லாம் விட்டுத்தள்ளுங்க, எத வேணும்னாலும் வாங்கட்டும். படக நீங்க தூக்குங்க, ஒங்கள நான் புடிச்சுக்கிறேன்.